சாபம் நுரைத்த தோட்டம்

நுரைச்சாமி வந்துவிட்டார் என்றதும் தெருவே கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடியது. அடுப்பில் பால் பொங்கினால் பொங்கட்டும். மண்ணில் சாபம் பொங்குவதைத் தினமுமா பார்க்க முடியும்?

அன்றைய சாபம் தபால்காரர் தோட்டத்தில். பத்து ரோஜாச் செடிகள். இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. ஊரார் விலாசமெல்லாம் அத்துப்படியான மனிதருக்குத் தன் செடியின் நோய்க்கு விலாசம் தெரியவில்லை.

சாமி செம்பிலிருந்து தீர்த்தத்தைச் சாய்த்தார். மண் புசுபுசுவென்று நுரைத்தது. கூட்டம் கைகூப்பியது.

“பாத்தீங்களா, சாபம் கக்குது! இந்த வீட்டுக்குப் புதுசா வந்த பொம்பள யாரு?”

தபால்காரர் வாசலில் நின்ற தன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். கணவனை இழந்து, போன வருடம்தான் வந்து சேர்ந்தவள். ஆஸ்பத்திரி கேண்டீனில் சமையல் வேலை.

“அவ கை பட்ட மண்ணு உருப்படாது. இன்னிக்கே அனுப்பு. இல்லேன்னா செடிக்கு அப்புறம் உன் பிள்ளைங்க...”

சின்ன வயதில் தம்பி காய்ச்சலில் கிடந்தபோது இரவு பகலாகப் பக்கத்திலிருந்தவள் அக்கா. அது தபால்காரருக்கு நினைவில்தான் இருந்தது. நுரையோ கண்ணெதிரே இருந்தது.

“அக்கா... கொஞ்ச நாள் வேற எங்கயாவது...”

அக்காவின் முகம் வாடியது. “நீ சொன்னா போறேன்டா. அதுக்கு முன்னால அந்தச் செம்பக் குடுங்க சாமி.” வாங்கி முகர்ந்தாள். “இது வினிகராச்சே! கேண்டீன்ல பாத்திரத்துல படியிற சுண்ணாம்ப இதாலதான் எடுக்கறோம்.”

“தீர்த்தத்த மோந்து பாக்கறதா? அபச்சாரம்!”

அக்கா உள்ளே போய்த் தன் வினிகர் பாட்டிலையும் ஒரு முட்டை ஓட்டையும் கொண்டுவந்தாள். ஓட்டின் மேல் ஊற்றினாள். குமிழ் குமிழாக வந்தது.

“கோழிக்கு யாரு சாபம் வெச்சா சாமி?”

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டு, அவசரமாக இருமினார்.

ரோஜா மண்ணில் ஊற்றினாள்; நுரைத்தது. வேலியோர மண்ணில் ஊற்றினாள், சும்மா கிடந்தது.

“அங்கயும் என் கைதானே தண்ணி ஊத்துது? ஏன் நுரைக்கல? முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு இருந்தாதான் நுரைக்கும். டேய் தம்பி, சுவருக்கு வெள்ளையடிச்ச மிச்சச் சுண்ணாம்ப எங்க கொட்டுன?”

“வீணாக வேணாம்னு... ரோஜாவுக்குச் சத்துன்னு...”

“எத்தன வாளி?”

“மூணு.”

“சாபமில்ல சாமி, சுண்ணாம்பு மிஞ்சித்தான் இலை மஞ்சளாச்சு.”

சாமி நழுவினார். சாபத்தையே விரட்டுபவரை ஒரு ரோஜா முள் பிடித்துக்கொண்டது. அக்காவே போய் அங்கியை விடுவித்தாள். “கிழியாம போங்க. இனி யாரையும் வீட்ட விட்டுத் துரத்தாதீங்க.”

“அக்கா, என்ன மன்னிச்சிடு.” தபால்காரர் அழுதேவிட்டார்.

“அழுதா சுண்ணாம்பு கரையாதுடா. விதைக்கடையில கந்தகத் தூள் வாங்கி, அளவாப் போட்டுக் கிளறி, மக்குன இலையும் போடு. மாசக்கணக்காகும். பொறுமையா இரு.”

கூட்டத்திலிருந்து ஒரு குரல் பயபக்தியோடு கேட்டது: “அந்தத் தூள எந்தத் திசையப் பாத்துப் போடணும்மா?”

“கீழ பாத்து.”

கடவுள் தலையைக் கொடுத்தது வணங்கவும்தான், யோசிக்கவும்தான். வணங்க மட்டும் என்றால், குனியக் கழுத்தே போதும் என்று அதோடு நிறுத்தியிருப்பார்.