தலையெழுத்துக்கு முளைத்த வால்

ஒரு விடுகதை. மூன்றே எழுத்துச் சொல். பள்ளிக்கூடம் தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் விசாரிப்பது அதைத்தான். அதன் தலையெழுத்துக்கு ஒரு வால் முளைத்தால் போதும், பள்ளிக்கூடம் நகரத்தின் மறுகோடிக்கு ஓடிவிடும். என்ன சொல்?

தெரியவில்லையா? தரம். ‘த’வுக்கு வால் முளைத்தால் தூரம்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் தலையெழுத்தும் அந்த வாலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய மகள், வீட்டில் எல்லோருக்கும் வாண்டு, முதல் வகுப்பில் சேர வேண்டும். தெருமுனையில் ஒரு பள்ளி. இரண்டு ரயில் மாறிப் போனால் இன்னொரு பள்ளி. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிறவள். ஆகவே காலையில் வாண்டுவைக் கொண்டுபோய் விடுவது அவர் பொறுப்பு. அவரோ கடையைத் திறப்பதற்குச் சற்று முன்புதான் கண்ணையே திறக்கிறவர்.

“பக்கத்துப் பள்ளிதான். இதுதான் என் முடிவு!” என்று மேஜையைத் தட்டினார்.

“அங்க போய் உட்கார்ந்து பார்த்துட்டு வந்தேங்க. டீச்சர் போர்டுல எழுதறாங்க, பிள்ளைங்க பார்த்து எழுதுதுங்க. சந்தேகம் கேட்டா ‘வாயை மூடு’ன்னு பதில் வருது.”

“ரொம்ப அமைதியான பள்ளின்னு சொல்லு.”

“டீச்சருங்க மாறிக்கிட்டே இருக்காங்க.”

“நாலு பேர்கிட்ட படிச்சா நாலு விஷயம் தெரியும்.”

“அந்தத் தூரத்துப் பள்ளியில டீச்சர் ஒரு கேள்வி கேட்டுட்டு, பிள்ளை யோசிச்சுச் சொல்ற வரைக்கும் காத்திருக்காங்க.”

“டீச்சருக்கே பதில் தெரியாதோ என்னவோ!”

“ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டறீங்க. உங்க கிட்டப்பார்வைக்கு ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா?”

அவர் அடுத்த பதிலடிக்குத் தயாரானார். ஆனால் அவள் குரலை இறக்கி, “சரிங்க, உங்க இஷ்டம்” என்றாள்.

மனைவி ‘உங்க இஷ்டம்’ என்று சொன்னால், எங்கே குழி இருக்கிறது என்று கணவன் உடனே கீழே பார்க்க வேண்டும். அவர் பார்க்கவில்லை. காலை நீட்டிச் சாய்ந்தார்.

“ஒண்ணே ஒண்ணு. பக்கத்துப் பள்ளியை மத்தியானமே விட்டுடுவாங்க. நான் வர்ற வரைக்கும் வாண்டு உங்க கடையில இருக்கட்டும்.”

நீட்டிய கால் தானாக மடங்கியது.

போன வாரம்தான் வாண்டு ஒருநாள் கடையில் இருந்தாள். கண் பரிசோதனைக்குச் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டை முழுவதும் அவளுக்கு மனப்பாடம். வருகிறவர்கள் திணறுவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகக் காதில் ஓதினாள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்துவிட்டு, “எனக்கெதுக்குக் கண்ணாடி?” என்று எழுந்தார். வாசல் கண்ணாடியிலேயே முட்டிக்கொண்டு போனார்.

“கடையிலயா? ஏம்மா, அந்தத் தூரத்துப் பள்ளி எப்ப விடும்?”

“சாயங்காலம்தான். வேலை முடிஞ்சு நானே கூட்டிட்டு வந்துடலாம். ஆனா உங்களுக்குத்தான் பிடிக்கலையே.”

“யோசிச்சுப் பார்த்தா, படிப்புக்குத் தரம்தான் முக்கியம்.”

“ஐயோ, தூரமாச்சே!”

“தூரம் என்ன பெரிய தூரம்! ரயில் எதுக்கு ஓடுது?”

“சீக்கிரமே எழுந்திருக்கணுமே. உங்க தூக்கம்?”

“பெத்த பிள்ளையை விடத் தூக்கமா பெருசு?”

“பக்கத்துப் பள்ளிதான்னு நீங்கதானே மேஜையைத் தட்டினீங்க?”

“கொசு! கொசுவைத் தட்டினேன்!”

அவள் பெருமூச்சு விட்டாள். “இவ்வளவு தூரம் கெஞ்சறீங்க. சரி, உங்க ஆசையை நான் கெடுப்பானேன்?” சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

சிக்கிக்கொண்டது அவருக்குப் புரிந்தது. இருந்தாலும், தூக்கம் போனாலும் தொழில் தப்பியதே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

“படிக்கப்போறவ அவ. அவளையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்” என்று மகளைக் கூப்பிட்டாள் மனைவி.

வாண்டு தூரத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தாள். சாயங்காலம்தான் கடையில் கூட்டம் அதிகம் என்பதால், பள்ளி விட்டதும் தினமும் நேரே அங்கே வந்துவிடுவதாகவும் சொன்னாள்.