கல்லாற்றில் நான் நடத்திய விசாரணை

பயந்தாங்கொள்ளிகளை அரசாங்கம் வேலைக்கு எடுக்கக் கூடாது. எடுத்தாலும் நன்னடத்தை அதிகாரியாக நிச்சயம் எடுக்கக் கூடாது. எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் என்னை எடுத்தார்கள். (இன்டர்வியூவில் தைரியத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்வேனா?)

முதல் கேஸ் செல்லப்பன். கல்லாறு என்ற ஊரில் டீக்கடை வேலை. கூட வேலை பார்த்தவனின் மண்டையை விறகுக் கட்டையால் உடைத்தவர். குற்றம் உறுதியாகிவிட்டது. அவருக்கு ஜெயிலா, கண்காணிப்பில் வீடா என்று கோர்ட் முடிவு செய்ய, நான் அக்கம்பக்கத்தில் விசாரித்து அறிக்கை தர வேண்டும். ஜாமீனில் இருந்த ஆளை நான் பார்த்ததுகூட இல்லை.

எங்கள் கரமனையில் பஸ் ஏறும்போதே திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டேன். கல்லாற்றங்கரையில் ஒருவர் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார். கோர்ட்டிலிருந்து வருகிறேன், செல்லப்பன் வீடு எது என்று கேட்டேன். வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த கை நின்றது.

"சாரே, அங்கோட்டு போகண்டா," என்றார் மெதுவாக. "அவன் ஆளு செரியில்ல. வெட்டுகத்திய தலைமாட்டுல வச்சுதான் உறங்குவான். கோர்ட்டுன்னு கேட்டாலே பிராந்து புடிச்சு வெட்ட வருவான், கேட்டியளா."

நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரா என்று கேட்டதற்குத் தலையாட்டினார். விசாரிக்க வந்த ஒரு போலீஸ்காரரைச் செல்லப்பன் ஆற்றில் முக்கியெடுத்த கதையையும் சொன்னார். அத்தனையையும் எழுதிக்கொண்டேன். எனக்குப் பாலில்லாத கட்டன் சாயா வாங்கிக் கொடுத்து, திரும்பும் பஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்றார். இப்படியும் நல்லவர்கள் இருக்கிறார்களே என்று கண் கலங்கியது.

'மிகவும் ஆபத்தானவர் எனப் பக்கத்து வீட்டுக்காரர் மூலம் தெரிகிறது' என்று அறிக்கை கொடுத்துவிட்டேன்.

தீர்ப்பு நாளில் செல்லப்பனைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி நின்றவர் அதே பக்கத்து வீட்டுக்காரர். என்னை விரட்டிவிட்டால் கேஸும் போய்விடும் என்று நினைத்திருக்கிறார். மாஜிஸ்திரேட் அறிக்கையை வாசிக்க வாசிக்கச் செல்லப்பன் முகம் வெளுத்தது. வாசலருகே கைக்குழந்தையோடு நின்ற அவர் மனைவி அழ ஆரம்பித்தார். வாயைத் திறந்தால் என் வேலை போகும். திறக்காவிட்டால் அந்த மனிதர் ஜெயிலுக்குப் போவார். வெட்கமும் பயமும் சேர்ந்து என்னைப் பிடுங்கித் தின்றன. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"ஐயா, பக்கத்து வீட்டுக்காரர்னு நான் எழுதினது இவரைத்தான். பயந்துபோய் நான் அந்த வீட்டுக்கே போகலை."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். இந்த ஆபத்தானவர் உங்களை என்ன செய்தார் என்று கேட்டார்.

"சாயா வாங்கித் தந்து பஸ் ஏத்திவிட்டார்."

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. மறுபடி போய் ஒழுங்காக விசாரித்துவர உத்தரவானது. இந்தத் தடவை வீடுவீடாக ஏறி இறங்கினேன். ஒரு வீட்டிலும் வெட்டுகத்திக் கதை கிடைக்கவில்லை. செல்லப்பன் ஜெயிலுக்குப் போகவில்லை. ஒரு வருடம் என் கண்காணிப்பில் இருந்தார். மாதாமாதம் ஆபீசில் எதிரெதிரே உட்காருவோம். யாருக்கு அதிகப் பயம் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

பல வருடம் கழித்து மகளுக்கு வரன் வந்தது. பையனைப் பற்றி விசாரிக்கச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மனைவி வாசலில் மறித்தாள்.

"என் தம்பி போயிட்டு வரட்டும். நீங்க போனா மாப்பிள்ளைகிட்டயே கேட்டு எழுதிண்டு வந்துடுவேள்."

கல்யாணத்துக்குப் பிறகு யாரோ இந்தக் கல்லாற்றுக் கதையை மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார்கள். இன்றும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் கதவைத் தட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் வந்திருக்கிறேன் என்றுதான் குரல் கொடுக்கிறார்.