லாசரஸின் கம்ப்யூட்டரில் வந்தவர்கள்

இனிமேல் வீட்டுக்கு எந்தப் பொருள் வாங்கினாலும் தன் இஷ்டப்படிதான் வாங்குவது என்று லாசரஸ் முடிவு செய்தது 1984 அக்டோபரில், ஒரு சனிக்கிழமை காலை, சிராங்கூன் ரோட்டில் ஒலி முகம்மது கடை வாசலில் வைத்து. அப்போது மனைவி பிரிஜட் நாலடி முன்னால் போய்விட்டிருந்தாள். அதனால்தான் அவ்வளவு தைரியமாக முடிவு செய்ய முடிந்தது.

ஃபிரிட்ஜ் அவள் தேர்வு. சோபா அவள் தேர்வு. குவீன்ஸ்டவுனில் ஒன்பதாம் மாடி வீடு அவள் தேர்வு. லாசரஸையே அவள்தான் தேர்ந்தெடுத்தாள் என்று அவளுடைய அக்காமார் சொல்வார்கள். அந்த ஒன்றில் மட்டும் அவசரப்பட்டுவிட்டாள் என்றும் சொல்வார்கள். ஆகவே இன்று வாங்கப்போகும் கம்ப்யூட்டர் தன்னுடைய தேர்வு.

ரேடியோவும் பாட்டுக் கேசட்டும் விற்றுக்கொண்டிருந்த ஒலி முகம்மது அந்த வருஷம் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தார். மேசைமேல் இரண்டு மெஷின்களை வைத்தார்.

"இது கலர் சார். வீட்டு டிவியிலயே மாட்டிக்கலாம். ஜாய்ஸ்டிக் இருக்கு, கேம் கேசட்டும் வருது. அது வேலைக்கு உள்ளது. பச்சை எழுத்து மட்டும்தான். ஆனா பிரிண்டர் இருக்கு."

"அதான் வேணும்" என்றாள் பிரிஜட்.

"இதான் வேணும்" என்றார் லாசரஸ், அதே நொடியில்.

லாசரஸுக்கு வயது நாற்பத்து நாலு. துறைமுகத்தில் காலை ஷிப்ட். ஒரு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். அதன் பிறகு வீடியோ கேம் நிலையத்தில் நின்று விண்கலங்களைச் சுட்டுத் தள்ளிவிட்டு, நாலு மணிக்குக் களைத்துப்போன முகத்தோடு வீடு திரும்புவார். போன வருஷம் அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு மத்தியானங்கள் கடக்கவில்லை.

"லாயர் ஆபீஸ் வேலைய விட்டு மூணு வருஷமாச்சு" என்றாள் பிரிஜட். "பிரிண்டர் இருந்தா வீட்ல உக்காந்தே டைப்பிங் வேலை எடுத்துச் செய்யலாம் லா. உங்களுக்கு எதுக்கு ஜாய்ஸ்டிக்?"

"எனக்கா? சேச்சே! அது கூடவே வருது, வேணாம்னா சொல்ல முடியும்? அந்த மெஷின்ல செய்யறதெல்லாம் இதுலயும் செய்யலாம். வீட்டு உபயோகம். ஆபீஸ் உபயோகம். கோயில் உபயோகம்..."

"கோயில் உபயோகமா?"

அங்கேதான் மனுஷன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். நவம்பர் மாதம் இறந்தவர்களின் மாதம். அவர்கள் போகும் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த குடும்பங்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பேரைச் சீட்டில் எழுதிக் கோயில் பெட்டியில் போடும். ஞாயிறு பூசையில் ஃபாதர் அந்தப் பேர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். மோட்சத்துக்குப் போகுமுன் உத்தரிக்கிற ஆத்துமாக்கள் தங்கள் பேர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும் என்று பிரிஜட் நம்பினாள். அந்த லிஸ்டை அடித்துத் தர ஃபாதர் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"அந்த லிஸ்ட நானே அடிக்கிறேன். இந்த மெஷின்லயே" என்றார் லாசரஸ். "கேசட்டைக் கொண்டாந்தா பாய் பிரிண்ட் எடுத்துத் தருவாரு."

பிரிஜட் கைப்பையை மேசைமேல் வைத்தாள். "சரி. நவம்பர் நாலாம் தேதி பூசைக்கு லிஸ்ட் முழுசா போகணும். ஒரு ஆத்துமா விடக்கூடாது. விட்டீங்க, இதைக் குடுத்துட்டு அதை எடுத்துப்போம். பாய், மாத்தித் தருவீங்களா?"

"ஒரு மாசத்துக்குள்ள தாராளமா" என்றார் ஒலி முகம்மது.

கலர் மெஷின் வீட்டுக்கு வந்தது. பின்னாலேயே ஒரு பிஸ்கட் டின்னில் முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளும் வந்தன.

முதல் மூன்று நாள் லாசரஸ் யோக்கியமாகத்தான் அடித்தார். மாமனார் பேரை முதலாவதாக அடித்தார். செத்தவரைப் பகைத்தாலும் பகைக்கலாம், உயிரோடிருக்கும் அவர் மகளைப் பகைக்க முடியாது. நாற்பது பேர் முடிந்தபோது விரல் வலித்தது. பக்கத்தில் ஜாய்ஸ்டிக் சும்மா கிடந்தது. சும்மா ஒரு ஆட்டம் ஆடினார். அப்புறம் இன்னும் ஒரு ஆட்டம். இருபத்தைந்தாம் தேதிக்குள் விண்கல ஆட்டத்தில் ஏழாவது கட்டத்துக்கு வந்துவிட்டார். லிஸ்டில் நாற்பத்தொன்றாவது பேருக்கு வரவில்லை.

முந்நூறு பேரை யார் எண்ணப்போகிறார்கள்? ஃபாதரோ வேகமாக வாசிப்பவர். வாசிக்கும்போது பாதிச் சனம் கொட்டாவி விடும். நாற்பது பேரைத் திருப்பித் திருப்பி ஏழெட்டுத் தடவை போட்டுப் பக்கத்தை நிரப்பினார். மிச்சச் சீட்டுகளை ரப்பர் பேண்டுகூடக் கழற்றாமல் டின்னின் அடியில் அமுக்கினார்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள் பிரிஜட்.

"மொத்தமும் முடிஞ்சுது."

"எல்லா ஆத்துமாவும்?"

"ஒரு ஆத்துமா விடல!"

"நல்லது" என்று சொல்லிவிட்டு அவள் சமூக மன்றத்து வகுப்புக்குக் கிளம்பிப் போனாள். மூன்று மாதமாகச் செவ்வாயும் வியாழனும் ஏதோ வகுப்புக்குப் போகிறாள். தையலாகத்தான் இருக்கும் என்று லாசரஸ் தாமே முடிவு கட்டிக்கொண்டார்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். பிரிஜட் மெழுகுவத்தியும் பூவும் எடுத்துக்கொண்டு சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினாள். அங்கேதான் லாசரஸின் தாயார் அந்தோனியம்மாளும் இருந்தார்.

"நீங்க வரலையா? உங்க அம்மாவாச்சே."

"இடுப்பு பிடிச்சிருக்கு பிரிஜட். மூட்டை ஏத்துனதுல."

லாசரஸ் துறைமுகத்தில் பேனாவைத் தவிர வேறெதையும் தூக்கியதில்லை. பிரிஜட் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் மூன்று மணிக்கே வானம் இருண்டுவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. தாழ்வாரத்தில் ஒரு செருப்புச் சத்தம்கூட இல்லை. லாசரஸ் கேம் கேசட்டைப் போட்டுப் பொத்தானை அமுக்கினார். கம்ப்யூட்டர் கேசட் ஓடும் சத்தம் எப்போதும் கிரீச்சென்றுதான் இருக்கும். அன்று மழையோடு சேர்ந்து கேட்டபோது, தூரத்தில் யாரோ அழுவது போல அவருக்குத் தோன்றியது.

சத்தம் நின்றது. விண்கலம் வரவில்லை.

டிவி கறுப்பாகவே இருந்தது. கீழிருந்து ஒரு வரி மெல்ல மேலே ஏறியது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

எங்கள் பேர் எங்கே?

லாசரஸ் பொத்தான்களை எல்லாம் தட்டினார். அது நிற்கவில்லை. சிலுவைராஜ், காலாங் என்று ஒரு பேர் ஏறியது. மறைந்தது. உர்சுலா, சிராங்கூன். மறைந்தது. இயேசுதாசன், ஆறு மாதக் குழந்தை.

அந்தச் சீட்டு அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பெற்றவள் கை நடுங்கி எழுதியதோ என்னவோ, கோணல்மாணலாக இருந்தது. படிக்கச் சிரமம் என்று முதலில் தள்ளிவைத்ததே அதைத்தான்.

பிளக்கைப் பிடுங்கினார். தண்ணீர் குடித்தார். இயந்திரக் கோளாறு என்று சத்தமாகத் தமக்கே சொல்லிக்கொண்டு மறுபடி மாட்டி, கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டார். மறுபடி அதே அழுகை, அதே கேள்வி, அதே குழந்தை. மறுபடி பிடுங்கினார். மூன்றாவது தடவை பிடுங்கக் கை வரவில்லை. கடைசிவரை பார்த்தார். கடைசியில் ஒரு பேர் ஏறி, நடுத்திரையில் வந்து நின்றது. அது மறையவில்லை.

அந்தோனியம்மாள்.

பிரிஜட் திரும்பி வந்தபோது லாசரஸ் வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்தில், ஒரு காலில் செருப்போடு உட்கார்ந்திருந்தார். சாரல் அடித்து முழுக்க நனைந்திருந்தார்.

"சேசு மரி சூசை! என்னங்க இது?"

"உள்ள போகாத. உள்ள... ஆளுங்க இருக்காங்க."

"யாரு?"

"விட்டுப்போனவங்க."

பிரிஜட் உள்ளே போனாள். அவர் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தார். அவள் கேசட்டை எடுத்தாள், பார்த்தாள், மறுபடி போட்டாள். கிரீச். திரையில் விண்கலம் ஜோராகப் பறந்தது.

"ஒண்ணும் இல்லையே லா. கேம்தான் ஓடுது. வந்து ஆடுங்க."

தன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறதா? அதற்குமேல் லாசரஸால் தாங்க முடியவில்லை. நாற்பது பேரோடு நிறுத்தியது, இடுப்பு வலிக்காதது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு கேம் நிலையத்துக்குப் போனது வரை, கேட்காததையும் சேர்த்து ஒப்புக்கொண்டார்.

"இந்த மெஷின் நமக்கு வேணாம் பிரிஜட். உன் காலைப் பிடிக்கிறேன். அந்தப் பச்சை எழுத்து மெஷினையே எடுத்துக்கலாம்."

"உங்க இஷ்டம்" என்றாள் பிரிஜட். "நீங்க எது வாங்கினாலும் எனக்குச் சரி."

மறுநாள் சனிக்கிழமை. கடைக்குள் அவரை விட்டுவிட்டு பிரிஜட் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனாள். ஒலி முகம்மது பழைய மெஷினைச் சோதித்துப் பார்க்க அதே கேசட்டைப் போட்டார். திரை கறுத்தது. எங்கள் பேர் எங்கே?

லாசரஸ் ரேடியோ அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அட, வேலை செய்யுதே!" என்று ஒலி முகம்மது துள்ளினார். "பேரு ஒண்ணொண்ணா மேல ஏறணும், எந்தப் பொத்தானை அமுக்கினாலும் நிக்கக் கூடாது, எப்படின்னு போன வாரம் உங்க வீட்டம்மா கேட்டுட்டுப் போனாங்க. சமூக மன்றத்து கம்ப்யூட்டர் கிளாஸ்ல அவங்கதான் ஃபர்ஸ்ட்டு, தெரியும்ல? இந்தப் பக்கம் இது, திருப்பிப் போட்டா அந்தப் பக்கம் கேம். நல்ல மூளை சார்."

லாசரஸ் அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. கீரைக்கட்டும் பையுமாக பிரிஜட் உள்ளே நுழைந்தாள்.

"அதை அழிச்சுடுங்க பாய்" என்றாள் முதல் காரியமாக. ஒலி முகம்மது அழித்துவிட்டார்.

"பிரிஜட்! நீதானா?"

"நான்தான். டின்னுல சீட்டெல்லாம் ரப்பர் பேண்டோட கிடக்குது. நான் சொல்லியிருந்தா, நாளைக்கு அடிக்கிறேன்னு சொல்லியிருப்பீங்க."

"இது அநியாயம்! மோசடி! பாய், அந்தக் கலர் மெஷினையே திரும்பக் கட்டுங்க!" கடை அதிரக் கத்தினார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு சந்தர்ப்பம் அவருக்கு வாய்த்ததே இல்லை. "புருஷனைச் சாகடிக்கப் பாத்தியே! பன்னண்டு பேரைப் போட்டு..."

"பதினொண்ணு" என்றாள் பிரிஜட்.

"என்னது?"

"பதினோரு பேர்தான் போட்டேன். மொதல்ல சிலுவைராஜ், கடைசில தொப்பாசியார். பன்னண்டாவது யாரு?"

லாசரஸின் குரல் இறங்கியது. "அம்மா. அந்தோனியம்மாள்."

பிரிஜட் கீரைக்கட்டை மெல்லக் கீழே வைத்தாள். "அவங்க பேரு டின்னுலயே இல்லையேங்க. இந்த வருஷம் நீங்க சீட்டே எழுதிப் போடலையே. இல்லாத பேரை நான் எங்கிருந்து எடுப்பேன்?"

ஒலி முகம்மது அழித்த கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதில் பார்க்க இனி ஒன்றும் இல்லை. பிரிஜட் சிலுவை போட்டுக்கொண்டாள்.

லாசரஸ் அதற்குப் பிறகு கலர் மெஷினைப் பற்றிப் பேசவில்லை. பச்சை எழுத்து மெஷினையும் பிரிண்டரையும் தாமே தூக்கிக்கொண்டு டாக்சி பிடித்தார். வீட்டுக்குப் போனதும் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்தார். முதலில் தாயாரின் பேரை அடித்தார். அடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. பெற்றவளுக்கு ஒரு சீட்டு எழுத நேரமில்லாமல் போய்விட்டதே என்று வெட்கமாக இருந்தது. இரண்டாவதாக அந்த ஆறு மாதக் குழந்தை. அப்புறம் ஒரு சீட்டு விடாமல் முந்நூற்றுப் பத்துக்கு மேல். பிரிண்டர் கடகடவென்று அடித்துத் தள்ளியது.

பிரிஜட் ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. மாமியாரை நினைத்து அழுகிறாள் என்றுதான் லாசரஸ் இன்றுவரை நம்புகிறார்.