பாவம் நீங்கிய பேட்டரி

சேரன்மகாதேவியில் அந்த வருஷம் பேட்டரிகளுக்கெல்லாம் பாவம் பிடித்திருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மின்னல் சித்தர். தொண்ணூற்றேழு ஆனி மாதம் ஆற்றங்கரைத் தோப்பில் ஓலைக் கொட்டகை போட்டு உட்கார்ந்தார். பத்தே நாளில் டிராக்டர்காரர், மைக் செட்டுக்காரர், வேன்காரர் என்று வரிசை நீண்டது. காது குத்தப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல ஆளுக்கொரு பேட்டரியை நெஞ்சோடு அணைத்து வந்தார்கள்.

சித்தரின் தத்துவம் எளிமையானது.

"இது என்ன ஆறு? தாமிரபரணி. தாமிரம்னா செம்பு. செம்புல என்ன ஓடும்?"

"கரண்டு!"

"அப்ப ஆத்துல என்ன ஓடுது?"

"கரண்டு! கரண்டு!"

சொன்னவர்கள் எல்லோரும் காலையில்தான் அந்த ஆற்றில் குளித்திருந்தார்கள். ஒருவருக்கும் ஷாக் அடிக்கவில்லை. அதனால் என்ன?

"பேட்டரி ஏன்வே கனக்குது? வண்டி ஓட்டுனவன் பாவம் பூரா அதுலதான் இறங்குது. மூணு நாள் இங்கன கிடக்கட்டும். பாரம் இறங்கும், சக்தி ஏறும்."

மூன்றாம் நாள் பார்த்தால் மெய்யாகவே பாரம் இறங்கியிருக்கும்! தூக்கிய கை நம்பாமல் இன்னொரு தரம் தூக்கிப் பார்க்கும். சீடன் ஒரு ஜீப் பல்பை மாட்டுவான். பளீரென்று எரியும். ஐந்து நிமிஷம் எரிந்ததும் அணைத்துவிட்டுத் திருநீறு கொடுப்பான். காணிக்கைத் தட்டு தானாக நகர்ந்து வரும். அதுவும் அற்புதம்தான்.

இசக்கிராஜாவுக்கு இந்த அற்புதம் அவசரமாகத் தேவைப்பட்டது. இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிய இடது காலோடு அவனால் சைக்கிள் மிதிக்க முடியாது. அதனால் மூன்று சக்கர வண்டி ஒன்றில் மோட்டாரைப் பூட்டி, இரண்டு கார் பேட்டரிகளை வைத்துத் தானே ஒரு மின்சார வண்டி செய்திருந்தான். பேட்டரி இரண்டும் சேர்ந்து மட்டும் இருபத்தெட்டுக் கிலோ. வண்டி ஊர்ந்தது.

பேக்கரி அம்மையப்பன் அதைப் பார்த்துச் சொன்னார்: "ஏலே இசக்கி, வெள்ளிக்கிழமை வீரவநல்லூர் போயிட்டு வா. ஒருத்தனும் தள்ளக் கூடாது. திரும்பி வந்துட்டன்னா ரொட்டி கொண்டு போற வேலை ஒனக்கு. நடுவுல நின்னுட்டன்னா வேற ஆளப் பாக்கேன்."

போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு. பாரம் குறைந்தால் வண்டி பறக்குமே என்று கனவு கண்டான் இசக்கி. பேட்டரிகளைச் சித்தரிடம் கொடுத்தான்.

புதன்கிழமை அவை வீடு வந்தன. அவன் மனைவி சுகன்யா இரண்டையும் அடுத்த தெரு அலிமா பீவியின் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் ஏற்றினாள். பதினெட்டுக் கிலோ.

"பாத்தியா? பத்துக் கிலோ பாவம் போயிருக்கு!" என்றான் இசக்கி.

"ஊர ஏமாத்துனியளா, கொள்ளையடிச்சியளா? பத்துக் கிலோ பாவம் பண்ண ஒங்களுக்கு நேரம் ஏது?"

சுகன்யா பீடி சுற்றுகிறவள். கடையில் கொடுக்கும் இலையில் ஐம்பது கிராம் குறைந்தாலும் அவள் கை சொல்லிவிடும். "எடை தானாக் குறையாதுங்க. எவனாவது எடுத்தாத்தான் குறையும்."

"சாமி விஷயத்துல வாய் வைக்காத. பல்பு எரிஞ்சத என் கண்ணால பாத்தேன்."

"எரிஞ்சுது. எம்புட்டு நேரம்?"

இசக்கி துணியை எடுத்துப் பேட்டரியைத் துடைக்க ஆரம்பித்தான்.

வியாழன் காலை கொட்டகையில் நல்ல கூட்டம். சுகன்யா இசக்கியின் பேட்டரி ஒன்றை நடுவில் வைத்தாள். பக்கத்தில் அலிமா பீவி தன் ஜீப்பிலிருந்து கழற்றிய பேட்டரி, பாவம் நீங்காதது. ஒவ்வொன்றிலும் இரண்டு ஜீப் பல்பு. நான்கும் ஒன்றுபோல் எரிந்தன. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஐந்து நிமிஷம் ஆனதும் சீடன் அணைக்கக் கை நீட்டினான்.

"அணைக்காதிய தம்பி. சக்திதான் ஏறியிருக்கே, எரியட்டும்" என்றாள் சுகன்யா.

"ஆமா சாமி, எரியட்டும்!" என்றது கூட்டம். பக்திதான். சித்தருக்குத்தான் வியர்த்தது.

அரை மணி நேரம் ஓடியது. சித்தர் மந்திரத்தின் வேகத்தைக் கூட்டினார். முக்கால் மணியில் இசக்கியின் பல்புகள் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்தன. ஒரு மணி நேரத்தில் உள்ளே சிவப்புப் புழு ஒன்று நெளிந்து செத்தது. அலிமா பீவியின் பல்புகளோ கண்ணைக் கூசவைத்தன. வீரவநல்லூர் சாலையில், ரொட்டிக் கூடையோடு நடுவழியில் நிற்கும் தன் வண்டியை இசக்கி அந்த இருட்டுப் பல்புக்குள் பார்த்தான்.

"சந்தேகக்காரி கண்ணு பட்டுட்டு!" என்றார் சித்தர்.

"அந்தப் பேட்டரியையும் இதே கண்ணாலதான சாமி பாக்கேன்?"

முதலில் சிரித்தது மைக் செட்டுக்காரர். பிறகு கொட்டகையே சிரித்தது.

அலிமா பீவி ஒரு சாக்கைக் கொண்டுவந்து கொட்டினாள். ஈயத் தகடுகள். "பாவம் எங்கன போச்சுன்னு தேடாதிய. என் கடைக்குத்தான் வந்துச்சு. இந்தச் சீடத் தம்பிதான் செவ்வாக்கிழமை எடைக்குப் போட்டுட்டுப் போனான். சரியா பத்துக் கிலோ."

வேன்காரர் இசக்கியின் பேட்டரி மூடியை ஒட்டியிருந்த தார்க் கீலை உருக்கித் திறந்தார். பாதிக்குமேல் தகடுகளைக் காணோம். அந்த இடத்தில் மரச்சில்லுகள். மிச்சத் தகடுகள் பல்பைப் பளீரென்று எரிய வைக்கும்; நெடுநேரம் எரிய வைக்காது. ஈயத்தின் கனம்தான் பேட்டரியின் சரக்கு.

திரும்பிப் பார்த்தால் சித்தரும் சீடனும் ஆற்றுக்குள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் ஷாக் அடிக்கவில்லை.

"எனக்கு முன்னாடியே உறைச்சிருக்கணும்" என்றான் இசக்கி. சுகன்யா, "வண்டிய நீங்களாத்தான செஞ்சிய? மூளை இருக்கு. அத அங்கன கொண்டு போயி அடகு வச்சதுதான் தப்பு" என்றாள்.

வெள்ளிக்கிழமை அலிமா பீவி தந்த பேட்டரியும் மைக் செட்டுக்காரர் தந்த பேட்டரியுமாக முழு இருபத்தெட்டுக் கிலோவோடு வண்டி கிளம்பியது. வழியில் ஓர் ஆட்டுக்கிடாகூட அதை முந்தியது. ஆனால் யாரும் தள்ளாமல் திரும்பி வந்தது. அம்மையப்பன் ரொட்டிக் கூடையை எடுத்து வண்டியில் வைத்தார்.

மறுநாள் காலை அலிமா பீவி கடை திறக்க வந்தபோது தராசுக்கு யாரோ மாலை போட்டுப் பொட்டு வைத்திருந்தார்கள். நாலு பேர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். துடைப்பத்தால் விரட்டினாள்.

பேட்டரிக்குள் இருப்பதைத் திருட அந்தச் சித்தன் கீலை உருக்க வேண்டியிருந்தது. நம் தலைக்குள் இருப்பதைத் திருட அந்தச் சிரமம்கூட இல்லை. நாமே திறந்து நீட்டினோம். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு தரம் தலையைத் தொட்டுப் பாருங்கள். கனம் குறைந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள்.