போர்வைக்குள் போன நூல்முனை

அந்த இடத்திலேயே இரண்டு தையல் போட்டு இறுக்கியாயிற்று. மிஞ்சிய நூல் ஊசியின் பாதி நீளம்கூட இல்லை. வெறும் ஊசியை முதலில் துணிக்குள் குத்தி, கண் மட்டும் வெளியே நிற்க விடுகிறேன். பிறகு அந்தக் கட்டை நூலைக் கண்ணில் கோர்த்து ஊசியை இழுத்தால், முனை இரண்டு துணிக்கும் நடுவில் போய் ஒளிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இது.

இதை வைத்துத்தான் என் வீட்டுக்காரரை மடக்கினேன். எழுத வெட்கமாயிருக்கிறது. சிரிப்பு அதைவிடக் கூட.

நாங்கள் எத்தாளையில். அம்மா உடப்பில். பிள்ளைக்கு அப்போது எட்டு மாதம். அம்மா இன்னும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நாட்டில் சண்டைக் காலம், பஸ்ஸும் ஒரு நாளைக்கு ஒன்றுதான். உடப்புக் கோயில் தீமிதிக்குக் கட்டாயம் கூட்டிப்போவதாக அவர் சத்தியம் பண்ணியிருந்தார். அவருக்குக் கடல் பயமில்லை. மாமியார் பயம். தீமிதியன்று காலையில் கதை மாறிவிட்டது.

"முதல்ல போர்வை முடியட்டும். ஒரு நூல்முனை வெளியில தெரிஞ்சாலும் பயணம் இல்லை."

"தெரியாட்டி?"

"நான் கிழிஞ்ச வலை பொத்துற ஆள். என்ர கண்ணுக்குத் தப்புமோ?"

பழைய சேலைத் துண்டுகளை ஒட்டித் தைத்த போர்வையை விரித்தேன். குப்புறப் படுத்துத் தேடினார். மூக்கால் தேடினார். காது வைத்தும் பார்த்தார். ஒரு முனையும் இல்லை.

"சரி, நாளைக்குப் பாப்பம்" என்றார். இரவு கடலுக்குப் போய் வந்த களை. அப்படியே குறட்டை.

தீமிதி அன்று பின்னேரமே. நாளைக்கு என்னத்தைப் பார்ப்பது? அழுகை வந்தது. அழ நேரமில்லை. அவர் உடுக்கிற மற்றச் சாரமெல்லாம் கொடியில் ஈரம். இடுப்பில் இருந்தது திருநாளுக்கு வாங்கிய புதுச்சாரம். அதன் விளிம்பை ஒரு முழ நீளத்துக்குப் போர்வையோடு சேர்த்துத் தைத்தேன். முனையை ஒளித்தேன். பக்கத்து வீட்டு எமிலியாக்காவைக் கூப்பிட்டு, வாசலில் கதிரை போட்டு இருத்தினேன்.

அவர் எழும்பினார். போர்வையும் எழும்பியது.

"என்னடி இது?"

"போர்வை."

"அது ஏன் என்ர சாரத்தில தொங்குது?"

"வலை பொத்துற ஆள்தானே. முனையைப் பிடிச்சு அவிழுங்கோ."

சுற்றிச் சுற்றித் தேடினார். போர்வையும் சுற்றியது.

"கத்தரிக்கோலைக் கொண்டா!"

"புதுச்சாரம் கிழிஞ்சு போகுமப்பா."

"அப்ப சாரத்தைக் கழட்டுறன்!"

"கழட்டுங்கோ தம்பி" என்றா எமிலியாக்கா, கதிரையை விட்டு அசையாமல். "எனக்குக் கண் அவ்வளவு தெரியாது."

அவர் திரும்பவும் தரையில் இருந்துவிட்டார்.

"உடப்புக்கு வாறன். முனையைக் காட்டு."

"எமிலியாக்காவுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

"வாறன்! வாறன்! அம்மாளாச்சி அறிய வாறன்!"

முனையை எடுக்கக் குனிந்தேன். தடவினேன். ஊசியால் கிளறினேன். கடைசியில் நானும் காது வைத்துப் பார்த்தேன். நான் ஒளித்தது எனக்கே அகப்படவில்லை! றோட்டில் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

போர்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டே பஸ் ஏறினார். கொதிக்கிற வெயில். சென்றிச் சாவடியில் ஆமிக்காரன் காய்ச்சலோ என்று சிங்களத்தில் கேட்டான். இவர் பெரிதாக இருமிக் காட்டினார்.

உடப்பில் அம்மா பிள்ளையை வாங்கிக் கொஞ்சினா, அழுதா. பிறகு மருமகனைப் பார்த்தா. முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்கோ தம்பி இந்தப் போர்வை? இந்த வெயிலில சுமந்துகொண்டோ வந்தீங்கள்?"

"இல்லை மாமி... அது வந்து..."

"என்னட்டையும் வெக்கமோ? தாங்கோ!"

பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, அம்மா இரண்டு கையாலும் போர்வையைப் பிடித்து ஒரே இழுவை. கோயிலுக்குப் போகிற சனமெல்லாம் ஒழுங்கையில் நின்று பார்க்க, அவருடைய புதுச்சாரம்...

"என்னடி எழுதுறாய் அங்க? பிள்ளை அழுறான்!"

அவர்தான். கடைச் சாமான் துண்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டார். எழும்பத்தான் வேணும், இதை அவருடைய கண்ணில் படாமல் இந்தத் துணிக்குள் வைத்து