ஏழாம் நம்பர் மலைக் குளவிப் படிவம்

இதனால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில், ஸ்ட்ராத்மூர் தோட்டத்தில் இனிமேல் குளவி கொட்டுவது முறைப்படியே நடைபெறும்.

காலையில் ஆள் கூட்டிப் பேர் போடும் பெரட்டுக்களத்து அறிவித்தல் பலகையில் இந்த வாசகம் ஒட்டப்பட்ட நாளைத் தோட்டத்து வரலாற்றின் நடுக்கோடு என்றே சொல்லலாம். முற்காலத்தில், அதாவது போன மாதம் வரை, மலையில் குளவிக் கூட்டைக் கண்ட பெண் கங்காணியிடம் சொல்வாள். கங்காணி மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொல்வார். கண்டாக்கையா ஒபீசுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, மழையைப் பற்றிப் பேசி, எழுந்து போகும்போது ஞாபகம் வந்தால் சொல்வார். பிறகு ஒன்றும் நடக்காது. அந்த ஒன்றும் நடக்காமல் போவதற்கே மூன்று வாரம் பிடித்தது. எவ்வளவு கால விரயம்! இப்போது அது உடனுக்குடன் நடக்கிறது.

இந்தப் புரட்சியைத் தனியொருவராகச் செய்து முடித்தவர் ஒபீஸ் கிளாக்கர் கஜேந்திரன். லிந்துலையிலிருந்து மேலே ஏறும் பஸ் மூச்சு வாங்கி நிற்கும் கடைசி இடத்தில் அவருடைய தோட்டம் இருக்கிறது. மக்கள் அதை ஊசிமலை என்பார்கள். கொம்பனி ஸ்ட்ராத்மூர் என்கிறது. போன் சிக்னலைக் கேட்டால் அப்படி ஒரு இடமே இல்லை என்கிறது.

கஜேந்திரன் பதினொரு வாரம் வீடியோ பார்த்துத் தொழில் கற்றார். கற்றதன் பயனாக ஒரு படிவம் பிறந்தது. ஏழு பக்கம், ஏழு படி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'அடுத்து' என்று ஒரு பச்சைப் பொத்தான். அழுத்த அழுத்த மேலே ஒரு பச்சைக் கோடு நீளும். கடைசியில் 'சமர்ப்பி'. சமர்ப்பித்த கணத்தில், கொட்டுப்பட்டவர் எக்செல் அட்டவணையில் ஒரு வரியாகிவிடுவார். பெயருக்கு ஒரு கட்டம், வீக்கத்துக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டங்களைப் பார்க்கிற பார்வையில் மூத்த பிள்ளையைக்கூட அவர் பார்த்ததில்லை என்று மனைவி ரஜிதா குறைப்பட்டாள். தலைப்பு வரியை உறைய வைக்கும் வசதி பிள்ளையில் இல்லையே என்பதை அவள் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை கொழும்பு ஹெட் ஒபீசிலிருந்து மேலதிகாரி ஒருவர் படிவத்தைப் பார்க்க வருகிறார். பிடித்துப் போனால் பதினான்கு தோட்டங்களுக்கும் அதே படிவம். கஜேந்திரனுக்கு 'டிஜிட்டல் உருமாற்ற இணைப்பாளர்' என்ற பதவி. அந்தப் பதவிக்குத் தயாராகும் முகமாக அவர் தொழிலாளர்களை இப்போதே 'பயனாளர்' என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஒரு பயனாளர் ஒபீஸ் வாசலில் வந்து நின்றார். கொழுந்து எடுக்கும் காளியாயி. ஐம்பது வயது, முப்பத்திரண்டு வருடக் கூடை.

"கிளாக்கரய்யா, ஏழாம் நம்பர் மலையில நடுவுல நிக்குதே பெரிய டர்பன்டைன் மரம், அதுல குளவி கூடு கட்டியிருக்குங்க. அரிசி மூட்ட கணக்கா தொங்குது. அடுத்த திங்கக்கெழம எங்க ஆளுங்க அந்த மலைக்குத்தான் போறோம். இருவத்திரெண்டு பொம்பளைங்க. அதுக்குள்ள எறக்கிப்புடுங்க. ஏணி இந்தா, ஒபீசுக்குப் பின்னாலதான் சாத்திக் கெடக்கு. மூக்கன் அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்கன்னா பந்தம் கட்டிக்கிட்டுப் போயி அரமணி நேரத்துல எறக்கிருவாரு."

பிரச்சினை, ஆள், ஆயுதம், நேரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டுக் கலக்கும் இந்தப் பழைய பழக்கத்தைக் கண்டு கஜேந்திரன் உள்ளுக்குள் வருந்தினார்.

"காளியாயி அக்கா..." என்று ஆரம்பித்துத் திருத்திக்கொண்டார். "பயனாளர் போர்ம் போட்டாச்சா?"

"அது என்னாங்க?"

அவர் தன் போனைத் திறந்து காட்டினார். முதலாம் படி: பெயர். காளியாயி என்று தட்டினார். பச்சைக் கோடு ஒரு விரற்கடை நீண்டது. இரண்டாம் படி: குளவி கொட்டிய திகதியும் நேரமும்.

"இன்னும் கொட்டலீங்களே."

"கொட்டாம ரெண்டாம் படியத் தாண்ட முடியாது. செவப்பு நட்சத்திரம் போட்டிருக்கேன் பாருங்க. கட்டாயம்."

"அப்ப கொட்டுனதுக்கப்புறம் வரவாங்க?"

"அதுதான் முறை."

"கொட்டுனா நான் எங்கங்க இங்க வர்றது? டிஸ்பென்சரிக்கில்ல தூக்கிக்கிட்டுப் போவாங்க."

"அதுக்குத்தான் ஒன்லைன். தூக்கிக்கிட்டுப் போறப்பவே போடலாம்."

விளக்கத்துக்காக ஒரு திகதியைத் தானே போட்டு மூன்றாம் படிக்கு ஏறினார். கொட்டிய குளவிகளின் எண்ணிக்கை: ஒன்று முதல் ஐந்து, ஆறு முதல் பத்து, பத்துக்கு மேல். நான்காம் படி: கொட்டிய குளவியின் தெளிவான புகைப்படம்.

"எந்தக் குளவிங்க?"

"கொட்டினது."

"அது பறந்துருமேங்க."

"அதனாலதான் சொல்றேன், பயனாளர் தயாரா இருக்கணும்."

படம் இல்லாமல் போன் நான்காம் படியைத் தாண்டவில்லை; மீதியை அவர் வாயால் சொன்னார். ஐந்தாம் படி: எந்த மலை, எந்த மரம், குளவியை நீங்கள் கோபப்படுத்தினீர்களா? ஆறாம் படிதான் மகுடம்: 'எங்களுடனான உங்கள் அனுபவம் எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரங்களில் மதிப்பிடுங்கள்.' கஜேந்திரன் தன் படிவத்தின் எலும்புக்கூட்டை நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் விருந்தினர்களுக்குக் கொடுக்கும் படிவத்திலிருந்து எடுத்திருந்தார். மற்றதெல்லாம் மாற்றியாயிற்று. ஆறாம் படியைப் பிடுங்கினால் மட்டும் 'சமர்ப்பி' இருக்கும் ஏழாம் படியும் கூடவே விழுந்தது. அதனால் அதை அப்படியே விட்டார். பெரிய கட்டிடங்களில் இப்படி ஒரு தூண் இருக்கும்.

காளியாயிக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. நான்காம் படியிலேயே கூடையைத் தலையில் மாட்டினாள். போனில் ஒரு வாசகம் மின்னியது: 'அரைப் படிவமாகச் சேமிக்கப்பட்டது.'

"இது என்னாங்க, அரைன்னு காட்டுது?"

"பாதியில விட்டா அரைதான். எதுவும் வீணாப் போகக்கூடாதுன்னு செஞ்சிருக்கேன்."

தோட்டத்தில் ஒரு நாளுக்குச் சொன்ன கிலோ கொழுந்து குறைந்தால் அரை நாள் மட்டுமே பதிவார்கள். அதற்கு அரைப்பேர் என்று பெயர். காளியாயி கஜேந்திரனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொழுந்துலதான் அரப்பேரு போட்டீங்க. குளவியிலயுமாங்க?"

புதன்கிழமை காலை கஜேந்திரன் அட்டவணையைத் திறந்தார். நாற்பத்து மூன்று வரிகள். நாற்பத்து மூன்றும் அரை. ஏழாம் படியை மனிதர் எவரும் எட்டியதில்லை. மறுநாள் ஹெட் ஒபீஸ் வருகிறது.

நேரே பெரட்டுக்களத்துக்குப் போனார். "எல்லாரும் தயவுசெஞ்சு போர்ம முழுசாப் போடணும்" என்று கேட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற இராமையா கங்காணி முப்பது வருட அனுபவசாலி. எதைக் கேட்டாலும் தோட்டத்துக் கணக்கில்தான் அவருக்கு விளங்கும். தொண்டையைச் செருமினார்.

"கேட்டுக்கிட்டீங்களா? ஆளுக்கு எட்டு போர்ம்! கொறஞ்சா அரப்பேரு!"

திருத்துவதற்காகக் கஜேந்திரன் வாயைத் திறந்தார். இருபத்திரண்டை எட்டால் பெருக்கினார். வாயை மூடிக்கொண்டார்.

கிளாக்கர் மட்டும் பாவிக்கும் ஒபீஸ் இணைப்பை விட்டால், தோட்டத்தில் சிக்னல் விழும் ஒரே இடம் கோயிலுக்கு மேலே உள்ள பாறை. இருபத்திரண்டு பெண்களும் போன்களோடு அதில் ஏறிப் படிவம் பறிக்கத் தொடங்கினார்கள். பத்து மணிக்கு முதல் நிறுவை. இராமையா ஒவ்வொரு போனாக வாங்கிப் பார்த்தார்.

"இது என்னா, பேரு போடுற எடத்துல 'அஅஅஅ'ன்னு கெடக்கு? முத்தல் எல எடுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது!"

குளவியின் புகைப்படம் பெரிய தடையாக இருந்தது. அதையும் அவர்களில் ஒருத்தியான சண்முகவடிவு தீர்த்துவைத்தாள். டிஸ்பென்சரி ஜன்னலில் காய்ந்து கிடந்த ஒரு குளவியை வெற்றிலையில் வைத்துக் கொண்டுவந்தாள். பகலுக்குள் அந்தக் குளவியை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் நூற்றுக்கணக்கில் படம் எடுத்துவிட்டார்கள். கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்குக்கூட அத்தனை படம் விழாது.

"நட்சத்திரம் எத்தனங்க போடுறது?" என்று கேட்டாள் சண்முகவடிவு.

"அஞ்சு போடுங்க" என்றார் கஜேந்திரன் அவசரமாக. "கொறைச்சா என்னுடைய போர்ம் சரியில்லன்னு நெனைப்பாங்க."

காளியாயி மட்டும் குரலைத் தாழ்த்திப் பெண்களிடம் வேறொன்று சொன்னாள். "எடம் கேக்குதுல்ல, அதுல எல்லாரும் அந்த டர்பன்டைன் மரத்தையே போடுங்கடி. அத்தன தடவ சொன்னா ஒரு தடவயாச்சும் காதுல விழும்."

அப்படியாக ஒரே பகலில், ஒருவரையும் கொட்டாமல், அந்தக் கூட்டுக் குளவிகள் நூற்று எழுபத்தாறு முறை கொட்டி முடித்தன.

வியாழக்கிழமை ஹெட் ஒபீசிலிருந்து ஜெயந்தினி வந்தார். கையில் மடிகணினி, காலில் அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை சப்பாத்து. தோட்டத்தை நடத்தும் துரையின் முன்னிலையில் அட்டவணையைத் திறந்து, ஒரு பொத்தானை அழுத்தி, வட்ட வரைபடம் ஆக்கினார். எல்லா முழுப் படிவங்களும் ஒரே மரத்தைச் சொன்னதால் வட்டம் முழுக்க ஒரே நீலம். குறுக்கே ஒரு கோடு இல்லை.

"இவ்வளவு சுத்தமான டேட்டாவை நான் இதுவரை கண்டதில்லை" என்றார் ஜெயந்தினி.

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் ஆமோதித்தார் துரை.

"திருப்தி மதிப்பெண்ணைப் பாருங்கோ. ஐந்துக்கு ஐந்து! எங்கட கொம்பனி ஹோட்டலுக்கே நாலு தசம் ரெண்டுதான்."

பயனாளர்களின் பிரதிநிதியாகக் கதவோரம் நிறுத்தப்பட்டிருந்த காளியாயி ஒரு அடி முன்னால் வந்தாள். "அம்மா, அந்தக் கூட்ட..."

"ஓம், அந்தக் கூட்டைப் பற்றித்தான் சொல்லப் போறன்."

காளியாயியின் முகம் மலர்ந்தது. கஜேந்திரனுடைய நெஞ்சுகூட ஒரு கணம் லேசானது. எப்படியோ, அவர் படிவத்தாலேயே அந்தக் கூடு இறங்கப் போகிறது!

"வந்த முழுப் படிவமெல்லாம் அந்த ஒரு கூட்டில இருந்துதான் வந்திருக்கு. அதை எடுத்திட்டால் அடுத்த மாசம் அட்டவணையில என்ன இருக்கும்?"

யன்னல் வழியே பின்சுவரில் சாத்தியிருந்த ஏணி கஜேந்திரனுக்குத் தெரிந்தது. அதைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். வெறுமையான கட்டங்கள் வரி வரியாக மனக்கண்ணில் ஓடின.

"ஒன்றும் இருக்காது, மிஸ்" என்றார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏழாம் நம்பர் மலையின் குளவிக் கூடு 'பிரதான தரவு மூலம்' என அறிவிக்கப்படுகிறது. அதற்கு எவரும் இடையூறு செய்யலாகாது. வெள்ளிக்கிழமைக்குள் மரத்தில் பலகை மாட்டப்படும்.

"அப்ப திங்கக்கெழம நாங்க?" என்று கேட்டாள் காளியாயி.

"வழமைபோல வேலைதான். கொட்டினால் போர்ம் போடுங்கோ. இந்த முறை உயிருள்ள குளவியின்ர படமும் கிடைக்கும்."

வெள்ளிக்கிழமை ஏணி புறப்பட்டது. முன்னால் மூக்கன், பின்னால் கழுத்துப் பட்டி கட்டிய கஜேந்திரன். மூக்கன் தலையிலிருந்து முழங்கால் வரை சாக்கைப் போர்த்திக்கொண்டு ஏறினார். ஏறி நின்று கீழே பார்த்தார்.

"ஐயா, கூடு கைக்கு எட்டுதுங்க. இன்னொரு சாக்கும் இருக்கு. ஒரே அமுக்குத்தான். எறக்கிறவாங்க?"

"போர்ட மட்டும் அடிங்க."

"அடிச்சா மரம் அதிருமேங்க. அதுங்களுக்குப் புடிக்காது."

"மூணு ஆணிதானே."

இரண்டாவது ஆணியில் குளவிகள் வெளியே வந்தன. 'பிரதான தரவு மூலம். இடையூறு செய்ய வேண்டாம்' என்று பலகை சொன்னது. இடையூறு செய்தது யார் என்று குளவிகள் சுற்றிலும் பார்த்தன. மேலே ஒரு சாக்கு இருந்தது. கீழே ஒரு கழுத்துப் பட்டி இருந்தது.

கஜேந்திரன் ஓடிய ஓட்டம் தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓடும் காணோரத்தில் தலைகுப்புற முடிந்தது. பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் ஓடிவந்து, மழைக்குப் போர்த்தும் கம்பளியில் போட்டு, நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துத் தூக்கினார்கள். கூடவே நடந்த காளியாயி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"ஐயா, முழிச்சிருக்கீங்களா? தூக்கிக்கிட்டுப் போறப்பவே போடலாம்னு சொன்னீங்கள்ல. பாறைகிட்ட வந்துட்டோம், சிக்னல் இருக்கு. கஜேந்திரன்னு போட்டாச்சு. நேரம், இப்பதான். எத்தன குளவிங்க?"

உதடு பேக்கரிப் பணிஸ் அளவுக்கு வீங்கியிருந்தது. கஜேந்திரன் பத்து விரலையும் விரித்துக் காட்டி, மறுபடியும் விரித்துக் காட்டினார்.

"பத்துக்கு மேல. சரி. நாலாம் படி, கொட்டுன குளவியோட படம். எங்கங்க அது?"

அவர் மரம் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"திரும்பிப் போயி எடுத்துக்கிட்டு வருவமா, இல்ல டிஸ்பென்சரிக்குப் போவமா?"

அவர் டிஸ்பென்சரி இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"அப்ப அரப்பேருதாங்க" என்றாள் காளியாயி. கம்பளியின் நாலு மூலையும் சிரிப்பில் குலுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கண் திறக்க முடிந்ததும் கஜேந்திரன் முதல் வேலையாக அட்டவணையைத் திறந்தார். இருநூற்றிருபதாவது வரியில் அவர் இருந்தார். அரை. அழிக்கப் பார்த்தார். ஹெட் ஒபீஸ் பூட்டிவிட்டிருந்தது. கூடவே நியமனக் கடிதம் மின்னஞ்சலில் வந்து கிடந்தது. பதினான்கு தோட்டங்களுக்கும் டிஜிட்டல் உருமாற்ற இணைப்பாளர். வீங்கிய கன்னத்தோடு அவர் புன்னகைக்க முயன்றார். வலித்தது.

ஏணியை மூக்கன் பழையபடி ஒபீசுக்குப் பின்னால் சாத்திவிட்டுப் போயிருந்தார். திங்கட்கிழமை ஏழாம் நம்பர் மலையில் பதினொரு பெண்களைக் குளவி கொட்டியது.