ஞாயிறு ஏழு மணிக்கு லைன் கிளியர்

வாணியம்பலம்,
ஜூன் 8, சனி.

கால்கரியில் குளிரோடு குடித்தனம் நடத்தும் என் மகன் சிரஞ்சீவி பிரஜீஷுக்கு, அச்சன் ராவுண்ணி நாயர் குருவாயூரப்பனை நினைத்து ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் நலம். முட்டிவலியைத் தவிர்த்தால் அம்மாவும் நலம். கொல்லைப் பலா இந்த வருஷமும் வஞ்சனையில்லாமல் காய்த்து, தின்ன ஆளில்லாமல் முற்றமெல்லாம் ஈ மொய்க்கிறது. அங்கே நீயும் விஜிஷாவும் குழந்தை நந்திதாவும் நலமென்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடியும், முகத்தைப் பார்த்து ஒன்பது வாரமாகிறது.

கம்ப்யூட்டரில் தட்டிவிடாமல் ஏன் தபாலில் எழுதுகிறேன் என்று கேட்பாய். பாதி எழுதும்போது தபால்பெட்டி "சற்றுப் பொறுங்கள், அணைத்துவிடாதீர்கள்" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வதில்லை. அதனால்தான்.

முந்தின ஓணத்துக்கு வந்தபோது நீதானே அந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வைத்தாய்? கண் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குச் செல்போனில் குழந்தையின் முகம் புளியங்கொட்டை அளவுதான் தெரிகிறது, பெரிய திரை வேண்டும் என்று நீயே சொன்னாய். ஞாயிறு மாலை ஏழு, உனக்குக் காலை ஏழரை, அதுதான் நம் நேரம் என்றாய். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏப்ரலில் விஷுப் பண்டிகையும் ஞாயிற்றிலேயே வந்தது. அம்மா ஆறு மணிக்கே, விசேஷத்துக்கென்று எடுத்துவைத்திருக்கும் செட்டுமுண்டு உடுத்தி, குழந்தைக்குக் காட்டுவதற்காகப் பாயசத்தைக் கிண்ணத்தில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரைமுன் உட்கார்ந்துவிட்டாள். ஆறு ஐம்பத்தெட்டுக்குத் திரை நீலமாகி, "உங்களுக்காகச் சில வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறோம்" என்றது. நான் கேட்டேனா? அம்மா கேட்டாளா? இருபத்தேழு சதவீதத்தில் முக்கால் மணி நேரம் நின்றது. அது கண் திறந்தபோது எட்டே முக்கால், நீ குழந்தையைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டாய். பாயசம் கட்டியாகிவிட்டது, அதை நானே தின்றேன். அன்று போனில் நீ சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "அச்சா, எத்தனை தடவ கூப்பிட்டேன் தெரியுமா? உங்க மெஷின் எடுக்கவே மாட்டேங்குது. அந்த அப்டேட்ட மட்டும் நிறுத்திடுங்க, அப்புறம் ஞாயித்துக்கிழம ஏழுன்னா ஏழு, நான் வந்து நிப்பேன்."

வேலை முடிந்து திறந்த கம்ப்யூட்டரைப் பார்த்தால் அது என் வீட்டுக் கம்ப்யூட்டர் மாதிரியே இல்லை. மலையாள எழுத்தைக் காணோம். நான் சீட்டு விளையாடும் இடத்தில் ஏதோ நாட்டு மழைச் செய்தி. வாங்கிய நாளிலிருந்து பக்கத்திலேயே குந்தியிருக்கும் பிரிண்டரைப் பார்த்து, இது யார், உங்களுக்குத் தெரிந்தவரா என்று கேட்கிறது. அடுத்த ஞாயிறு, போன தடவை வேலை அரைகுறையாகிவிட்டது என்று மறுபடி நீலம். அதற்கடுத்த ஞாயிறும் நீலம். முப்பத்துநாலு வருஷம் ஒற்றைப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் நான். என் கையால் டோக்கன் வாங்காமல் ஒரு டிரைவர் ஒரு கஜம் நகர்ந்ததில்லை. மந்திரி ஏறிய வண்டியே டோக்கனுக்காக என் பிளாட்பாரத்தில் இருபது நிமிஷம் காய்ந்திருக்கிறது. அப்படிப்பட்டவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெட்டி, கேட்காமல் கொள்ளாமல் இஷ்டத்துக்குப் புறப்பட்டுப் போகிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும், சொல்லு.

ஸ்டேஷன் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரம்லத்தைக் கூட்டிவந்தேன். நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது உனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். அவள் எதையோ திறந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை நீங்கள் வேலையாக இருப்பீர்கள் என்று அது என்றைக்கோ கேட்டிருக்கிறது. ரிட்டயர் ஆனவனிடம் கேட்டால் என்ன சொல்வது? பத்திலிருந்து பன்னிரண்டு என்று உள்ளதைப் போட்டிருக்கிறேன். "மாஸ்டரே, மிச்ச நேரமெல்லாம் நீங்க தூங்குறீங்கன்னு அது நெனச்சுக்கிச்சு" என்றாள். காலை ஆறிலிருந்து இரவு பன்னிரண்டு வரை என்று மாற்றினாள். அதற்குமேல் போட அது விடாதாம், பதினெட்டு மணி நேரம்தான் உச்சம். அடுத்து ஐந்து வாரத்துக்கு அப்டேட்டே வேண்டாம் என்று நிறுத்தி வைத்தாள். அதுவும் போதாதென்று, இந்த வீட்டில் இன்டர்நெட் அளந்துதான் வருகிறது, அநாவசியமாக இறக்காதே என்று அதனிடம் ஒரு பொய்யும் சொல்லி வைத்தாள். நான் வேண்டாம் என்றேன். நாம் அப்படி ஒன்றும் இல்லாத வீடு இல்லையே. "பொய் சொன்னாத்தான் அது நிக்கும், உங்களுக்குப் பேத்தி மொகம் வேணுமா வேணாமா?" என்றாள். எனக்கு வேண்டும். சொல்லிக்கொள் என்று விட்டுவிட்டேன்.

அதோடு அப்டேட் நின்றது, மோனே. நின்றே போனது. உன் அச்சன் ஜெயித்துவிட்டான். பழைய பழக்கம், நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு ரயில் பதிவேடு மாதிரி எழுதி வருகிறேன். மே 5, ஞாயிறு, ஆறு நாற்பத்தைந்து, லைன் கிளியர், அதாவது பாதை காலி, வண்டி வரலாம். வண்டி வரவில்லை. காரணம்: அங்கே பனி என்று செய்தி. மே 12, லைன் கிளியர். வரவில்லை. காரணம்: குழந்தைக்கு நீச்சல் வகுப்பு. மே 19, லைன் கிளியர். வரவில்லை. நானாகக் கூப்பிட்டேன், மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன் என்று திரையில் எழுத்து வந்தது. ஞாயிறு காலை ஏழரைக்கு மீட்டிங் வைக்கும் கம்பெனி நல்லா இருக்கட்டும். மே 26, லைன் கிளியர். ஜூன் 2, லைன் கிளியர். இந்த இரண்டுக்கும் காரணம் என்ற இடம் காலியாக இருக்கிறது. உனக்கு நேரம் கிடைக்கும்போது சொன்னால் நிரப்பிவிடுவேன், பதிவேட்டில் இடம் காலியாக விடக்கூடாது.

உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. சத்தியமாக இல்லை. அம்மாவுக்காகத்தான். போன ஞாயிறும் ஆறு மணிக்கே செட்டுமுண்டு உடுத்தி உட்கார்ந்திருந்தாள். எட்டு மணிக்கு என்னைப் பார்த்து, "அந்தப் பாழாப்போன அப்டேட் வந்திடுச்சா?" என்று கேட்டாள். வரவில்லை, நான்தான் அதைக் கட்டிப்போட்டுவிட்டேனே என்று பெருமையாகச் சொன்னேன். அவள் செட்டுமுண்டின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்படின்னா அவன் ஏன் கூப்பிடலை?"

ரயில்வேயில் எனக்கு எத்தனையோ விசாரணை வந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன். இதற்கு நான் எழுந்து போய்க் கம்ப்யூட்டரை அணைத்தேன். அவளுக்கு அன்று சாப்பாடும் இறங்கவில்லை. அதனால் நாளை ஏழு மணிக்குக் கட்டாயம் வா. கடிதம் அதற்குள் கிடைக்காது என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். விஜிஷாவுக்கு என் அன்பைச் சொல். நந்திதாவின் நெற்றியில் எனக்காக ஒரு தடவை கை வைத்துவிடு. பகவான் உங்கள் மூவருக்கும் ஆயுசையும் ஆரோக்கியத்தையும், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையில் கால் மணி நேரத்தையும் கொடுக்கட்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அச்சன் ராவுண்ணி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதி உறையில் போட்டேன். இன்று ஞாயிறு, மறுபடி பிரித்து எழுதுகிறேன். நீ அவசரப்பட்டு ஒன்றும் செய்ய வேண்டாம். மாலை ஆறே முக்காலுக்கு நானே போய், ரம்லத் போட்ட கட்டையெல்லாம் எடுத்துவிட்டு, அப்டேட்டை அழுத்திவிட்டேன். ஐந்து வாரப் பசி, பாய்ந்து போனது. ஏழு மணிக்கு அம்மா வந்து பார்த்தாள், திரை நீலம். அரை மணி நேரம் அந்த அப்டேட் கம்பெனிக்காரனைப் பரம்பரையோடு திட்டித் தீர்த்தாள். "பாவம், அங்க எம்புள்ள கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓஞ்சிருப்பான்" என்றாள். இரண்டு கரண்டி சோறு கூடுதலாகவே சாப்பிட்டாள். இனி ஞாயிறுதோறும் ஏதாவது ஒன்றை ஏழு மணிக்கு ஓட விடுவதாக இருக்கிறேன், பதிவேட்டில் காரணம் எழுதவும் வசதி. கை கழுவப் போனவள் திரும்பி வந்து, அடுத்த ஞாயிறும் அப்டேட் வருமா என்று கேட்டாள். வரும் என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்ப சரி, செட்டுமுண்ட மடிச்சு உள்ள வெச்சிடறேன்" என்றாள்.